ஒலிப்பதிவும் ஒத்தாசையும்

எங்கள் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பாடத் தெரியும். சபைக்குப் போய்ப் பாடுகிற பாட்டல்ல. தொட்டில் பாட்டு, நலங்குப் பாட்டு, நாற்றங்காலில் கேட்டு வந்த பாட்டு என்று அவளிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. 1988-ம் வருஷம் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். ஒரு மத்தியான வேளையில் அவளைக் கூடத்துத் தூணோரமாக உட்கார வைத்து, அரை மணி நேரம் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். எனக்கு அப்போது ஏழு வயது. "சத்தம் போடாதே" என்று என்னை வாசலுக்குத் துரத்திவிட்டார்கள். அந்த மனஸ்தாபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பெரியம்மா இப்போது இல்லை. அந்த ஒரு கஸேட்தான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்த வேண்டுமென்று எனக்கு ஓர் ஆசை வந்தது. வீட்டிலிருந்தபடியே ஒலியைப் பதிவு செய்யவும் திருத்தவும் 'ஆடாஸிட்டி' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது; காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் துணிச்சல் என்று பொருள். நானும் துணிச்சலோடுதான் இறங்கினேன். விளக்கப் புத்தகம் எதையும் படிக்கவில்லை. கஸேட்டில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டது. இரைச்சலைக் குறைக்க ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்து, இருக்கிற அளவுகளிலெல்லாம் பெரிய அளவை வைத்து அழுத்தினேன். இரைச்சல் போயிற்று. கூடவே பெரியம்மாவும் பாதி போய்விட்டாள். மிச்சமிருந்த குரல், கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் இருந்தது. அதையே பழைய பதிவின் மேல் சேமித்தும் விட்டேன். சரி, மறுபடி கஸேட்டைப் போடலாம் என்று போட்டால், இரண்டாவது நிமிஷத்தில் நாடா படக்கென்று அறுந்தது.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அதே மென்பொருளைப் பயன்படுத்தும் மற்றவர்களிடம், விஷயத்தைச் சொல்லி வழி கேட்டேன். விடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பதில் எழுதியவர் லிஸ்பன் நகரத்தில் இருக்கும் ஒரு பெரியவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் முகத்தை அவர் பார்த்ததில்லை, அவர் முகத்தை நானும் பார்த்ததில்லை. முதல் வரியிலேயே அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கஸேட்டைத் தூக்கி எறிந்துவிடவில்லையே என்பதுதான் அது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கஸேட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்று. அறுந்த முனைகளைச் சமமாக வெட்டி நேருக்கு நேர் சேர். ஒலிநாடா ஒட்டுவதற்கென்று தனியாக ஒட்டுநாடா உண்டு, அதை வாங்கு. காகிதம் ஒட்டுகிற சாதாரண நாடாவைத் தொடாதே. அதன் பசை நாளடைவில் கசிந்து அடுத்த சுற்றுகளையும் கெடுக்கும். ஒலி பதிந்திருக்கும் பக்கத்தில் ஒட்டாதே, பின்புறத்தில் ஒட்டு. மறுபடி பதிவு செய்யும்போது மிக உயர்ந்த குரல்கூட அளவுகோலின் உச்சியைத் தொடாதபடி இடம் விட்டு வை. உச்சியை இடித்த ஒலி தலை வெட்டப்பட்ட ஒலி, அதை யாராலும் ஒட்ட வைக்க முடியாது. அசல் பதிவை ஒருபுறம் வைத்துவிடு, நகலின்மேல் கைவை. பாட்டு ஆரம்பிக்குமுன் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் ஓரிரு விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று யந்திரத்துக்குக் காட்டு; பிறகு கொஞ்சமாகக் குறை.

இப்படிச் சொல்லிவிட்டுக் காரணத்தையும் சொன்னார். அந்த மென்பொருள் ஒலியைச் சுருதி வாரியாகப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சலின் அளவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் அமுக்குகிறது. மெல்லிய குரலுக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. எது தாலாட்டு, எது தூசி என்று சொல்ல வேண்டியவர் மனிதர்தான். காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு நான் அந்தத் தவறை மறுபடி செய்யவில்லை. கட்டளையை மட்டும் சொல்லியிருந்தால் நிச்சயம் செய்திருப்பேன்.

அந்தப் பெரியவருக்கு இதனால் என்ன லாபம்? இந்தக் கேள்வி என்னை வெகு நாள் விடவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் சும்மா இருக்க முடியாது. வீட்டிலே ஒலியைப் பதிவு செய்வது என்ற பழக்கம் எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

1857-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் எத்வார்-லெயோன் ஸ்காட் என்றொருவர் இருந்தார். அச்சுத் தொழிலில் இருந்தவர். எழுத்தை அச்சடிக்கிறோமே, பேச்சு தன்னைத்தானே எழுதிக்கொள்ளக் கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. ஒரு கூம்பு, அதன் முனையில் ஒரு சவ்வு, சவ்வில் ஒரு பன்றி மயிர், எதிரே புகைக்கரி பூசிய காகிதம் சுற்றிய உருளை. குரல் கூம்புக்குள் போனால் சவ்வு அதிரும். மயிர் கரியில் கோடு கிழிக்கும். அந்தக் கோட்டைத் திரும்ப ஒலியாக்க வேண்டுமென்று அவர் நினைக்கவே இல்லை. கண்ணால் படித்தால் போதும் என்றிருந்தார். இன்று ஆடாஸிட்டி மாதிரியான மென்பொருளில் திரையில் நெளிந்து ஓடும் கோடு இருக்கிறதே, அதற்கு முப்பாட்டன் இந்தக் கரிக்கோடுதான்.

1860-ம் வருஷம் ஏப்ரல் 9-ம் தேதி ஸ்காட் பதிந்த ஒரு பிரெஞ்சு நாட்டுப் பாட்டின் கோட்டை, 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரின் உதவியால் ஒலியாக்கிவிட்டார்கள். உலகமே ஒரு சிறு பெண்ணின் குரல் என்று எண்ணி வியந்தது. அடுத்த வருஷம் அவர்களே, "தவறு செய்துவிட்டோம், வேகம் இரட்டிப்பாகிவிட்டது" என்று திருத்திக்கொண்டார்கள். வேகத்தைப் பாதியாக்கியதும், சிறு பெண் மறைந்து, நிதானமாகப் பாடும் ஓர் ஆண் பிள்ளை வந்தார். பெரும்பாலும் ஸ்காட்டேதான் அவர் என்கிறார்கள். பழைய குரலைக் கெடுப்பதில் பண்டிதர்களும் நானும் ஒரே ஜாதி என்று தெரிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது. அவர்கள் தங்கள் தவற்றைப் பகிரங்கமாகத் திருத்தினார்கள். அதுதான் அவர்களுடைய பெருமை.

1877-ல் எடிசன் குரலைப் பதிந்து திரும்பப் பாடவும் வைத்தார். அவருடைய கம்பெனி விற்ற மெழுகு உருளை யந்திரங்களில் ஒரு விசேஷம் இருந்தது. கேட்கவும் செய்யலாம், வீட்டிலேயே பதியவும் செய்யலாம். குழந்தையின் மழலை, தாத்தாவின் இருமல், விருந்தாளியின் பாட்டு எல்லாம் மெழுகில் ஏறின. பிடிக்கவில்லையென்றால் மேல் மெழுகைச் சீவிவிட்டு மறுபடி பதியலாம். ஆனால் பெர்லினர் கண்டுபிடித்த தட்டு வந்தது. ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் தட்டுகள் அடிக்கலாம். வியாபாரத்துக்கு அதுவே சௌகரியம். ஜனங்கள் வீட்டில் வாங்கி வைத்த கிராமபோன் பாடும்; நாம் பாடினால் கேட்டுக்கொள்ளாது. கொஞ்ச காலம் வீட்டில் பாடி வைத்தவர்கள், மறுபடி வெறும் ரசிகர்களாகிவிட்டார்கள்.

அந்த நிலைமையை மாற்றியது காந்த நாடா. 1928-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர் காகித நாடாவில் இரும்புத் துகளைப் பூசி அதில் ஒலியைப் பதிக்கும் உரிமையைப் பெற்றார். 1935-ல் பெர்லின் கண்காட்சியில் 'மாக்னெட்டோஃபோன்' யந்திரத்தை வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும், ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவ எஞ்சினீயர் அப்படிப்பட்ட இரண்டு யந்திரங்களைப் பகுதி பகுதியாகக் கழற்றித் தபாலில் ஊருக்கு அனுப்பினார். அவற்றைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் பண்ணியிருக்கலாம். அவரோ 1946-ம் வருஷம் மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் எஞ்சினீயர்கள் கூடிய சபையில் அவற்றை இயக்கிக் காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆம்பெக்ஸ் கம்பெனியின் ஒலிநாடா யந்திரம். பாடகர் பிங் கிராஸ்பி அதற்காக 50,000 டாலர் முதல் போட்டார்.

அதே கிராஸ்பி 1949-ல் ஓர் ஆம்பெக்ஸ் யந்திரத்தைக் கிதார் வித்வான் லெஸ் பாலுக்குக் கொடுத்தார். லெஸ் பால் அதில் அதிகப்படியாக ஒரு தலையைப் பொருத்தினார். அதாவது, முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அதனோடு புதிய வாத்தியத்தையும் சேர்த்துப் பதியும்படி செய்தார். ஒரு மனிதர் ஆறு மனிதர்போல் வாசித்தார். மனைவி மேரி ஃபோர்ட் தன் குரலுக்குத் தானே துணைக்குரல் பாடினாள். அவர்கள் பதிந்த ஒரு பாட்டு 1951-ல் அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒவ்வொரு தடவையும் பழையது அழிந்து புதியதோடு கலந்து ஏறுகிறது. ஏழாவது தடவையில் ஒரு ஸ்வரம் தப்பினால், முந்தின ஆறும் போச்சு. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அசல் பதிவின் மேல் கை வைக்காதே என்று லிஸ்பன் பெரியவர் எனக்குச் சொன்ன புத்திமதி, அந்தக் காலத்துக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

1950-களில் டேப் ரிக்கார்டர் வீடுகளுக்கு வந்தபோது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒலிநாடாச் சங்கங்கள் ஏற்பட்டன. அங்கத்தினர்கள் கடிதம் எழுதுவதற்குப் பதில் நாடாவில் பேசித் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். நலம் விசாரித்த கையோடு, மைக்கை எங்கே வைத்தால் கூடம் எதிரொலிக்காது, தலையில் படிந்த தூசியை எப்படித் துடைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். கடைக்காரர் யந்திரத்தைத்தான் விற்பார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்பதை, நமக்கு முன்னால் வாங்கி நமக்கு முன்னால் கெடுத்தவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தையல் யந்திரத்திலும் மண்ணெண்ணெய் அடுப்பிலும் நம் வீட்டுப் பெண்கள் கண்ட உண்மைதான் இது.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கஸேட்டை வெளியிட்டது. 1979-ல் டாஸ்காம் கம்பெனி ஒரே கஸேட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் ஒரு சிறு யந்திரத்தைக் கொண்டுவந்தது. லெஸ் பாலின் கஷ்டம் இதில் இல்லை. ஒரு தடம் கெட்டால் அதை மட்டும் திருத்தலாம். 1982-ம் வருஷம் ஜனவரியில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பிரபல பாடகர் நியூ ஜெர்ஸியில் தம் படுக்கையறையில் உட்கார்ந்து அந்த யந்திரத்தில் சில பாட்டுகளைப் பாடினார். வாத்தியக்காரர்களுக்குக் காட்டுவதற்கான மாதிரி என்பதுதான் நினைப்பு. கூடில்லாமல் அந்தக் கஸேட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தாராம். பிறகு பெரிய ஸ்டூடியோவில் எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பார்த்தும் அந்தப் படுக்கையறைத் தனிமை வரவில்லை. கடைசியில் சட்டைப் பைக் கஸேட்டையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் வெளியிட்டார்கள். வீட்டுப் பதிவு என்றால் இளக்காரம் என்ற எண்ணத்துக்கு அன்று ஒரு முடிவு வந்தது.

கம்ப்யூட்டர் யுகத்தில் யந்திரமே மென்பொருளாகிவிட்டது. ஒரு விநாடிக் குரலை 44,100 தடவை அளந்து எண்களாக எழுதிவைக்கிறார்கள்; 1982-ல் வந்த குறுந்தகட்டின் கணக்கு அது. 1999-ல் பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் சர்வகலாசாலையில் டொமினிக் மஸ்ஸோனி என்ற மாணவரும் ராஜர் டானன்பர்க் என்ற பேராசிரியரும் ஒலி ஆராய்ச்சிக்காக ஒரு கருவி எழுத ஆரம்பித்தார்கள். 2000-மாவது வருஷம் மே மாதம் அதை உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். சமைத்த பண்டத்தை மட்டும் கொடுக்காமல், பக்குவத்தையும் எழுதிக் கொடுப்பதுபோல, அந்த மென்பொருளின் மூலத்தையும் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதுதான் ஆடாஸிட்டி.

இலவசமாகக் கிடைக்கிற பொருளுக்கு உதவி கேட்க ஆபீஸ் ஏது? பயன்படுத்துகிறவர்கள்தான் ஒருவருக்கொருவர் ஆபீஸ். அவர்கள் அலுக்காமல் சொன்ன பதில்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. எம்.பி.3 என்ற ஒலிக்கோப்பு முறைக்குக் காப்புரிமை இருந்ததால், அதை உண்டாக்கும் 'லேம்' என்ற துணைக்கருவியை ஆடாஸிட்டியோடு சேர்த்துக் கொடுக்க வழியில்லாமலிருந்தது. தனியே தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவரும், "என் பாட்டை எம்.பி.3 ஆக்க முடியவில்லையே!" என்று கேட்பார்கள். வருஷக் கணக்காக அதே கேள்வி, அதே பதில். ஒரே கதையை ஒவ்வொரு பேரனுக்கும் புதிதாகச் சொல்லும் பாட்டியின் பொறுமை அதற்கு வேண்டும். 2017-ல் அந்த முறைக்கான உரிமக் கெடுபிடி முடிந்தது; 2019-ல் வந்த பதிப்பில் லேமும் கூடவே சேர்ந்து வந்தது. அந்தக் கேள்விக்கு வேலையில்லாமல் போயிற்று.

விலைக்கு விற்ற மென்பொருளின் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். கேக்வாக் என்பது 1987-ல் கிரெக் ஹெண்டர்ஷாட் என்பவர் ஆரம்பித்தது. 2013-ல் கிப்ஸன் என்ற பெரிய கிதார் கம்பெனி அதை வாங்கியது. 2017-ம் வருஷம் நவம்பர் மாதம், இனி அதை வளர்ப்பதில்லை என்று கம்பெனி அறிவித்துவிட்டது. இருபது, முப்பது வருஷப் பாட்டுகளை அந்த மென்பொருளின் கோப்புகளாகவே வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். வீட்டின் சாவியைச் செய்த கொல்லன் பட்டறையை மூடினால் வீட்டுக்காரன் என்ன செய்வான்? ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால் எந்த மென்பொருளிலும் திறக்கலாம் என்பதுதான் அப்படிப்பட்ட சமயத்தில் கை கொடுக்கும் யோசனை. 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரைச் சேர்ந்த பாண்ட்லாப் கம்பெனி அதை வாங்கி, அந்த வருஷமே இலவசமாகக் கொடுத்தது. சாவி திரும்பக் கிடைத்தது. ஆனாலும் தனித்தனிக் கோப்புகளாக எடுத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடாமல் இருப்பதே நல்லது.

ஆடாஸிட்டிக்கும் ஒரு சோதனை வந்தது. 2021-ல் மியூஸ் குரூப் என்ற ஸ்தாபனத்தின் கைக்கு அது மாறியது. மென்பொருள் எப்படிப் பயன்படுகிறது என்ற விவரங்களைச் சேகரிக்க எண்ணியபோது, பயன்படுத்துகிறவர்கள் பலத்த ஆட்சேபம் எழுப்பினார்கள். ஸ்தாபனம் அந்த யோசனையைக் கைவிட்டது. இரு தரப்பிலும் வார்த்தை சற்றுத் தடித்தது என்பதும் உண்மை. ஆனால் ஒன்று தெரிந்தது. சட்டப்படி யாருக்குச் சொந்தமானாலும், சொல்லிக் கொடுத்தே ஒரு பொருளை வளர்த்தவர்களுக்கு அதன்மேல் ஒரு பாத்தியதை ஏற்பட்டுவிடுகிறது.

லிஸ்பன் பெரியவருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு, போன வருஷம்தான் எனக்கு விடை கிடைத்தது. யாரோ ஒரு பையன் கேட்டிருந்தான். முதலில் பதிந்த கிதாரைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது கிதார் வாசித்தால், இரண்டாவது கொஞ்சம் பின்தங்கி விழுகிறதாம். தாளம் தெரியாதவன் என்று வீட்டில் கேலி செய்கிறார்களாம். தாளத்தில் குற்றமில்லை; கம்ப்யூட்டர் ஒலியைச் சிறு சிறு மூட்டையாகக் கட்டி அனுப்புவதால் போய்வரக் கொஞ்சம் நேரமாகிறது என்று எனக்குத் தெரியும். 'டக், டக்' என்ற தாளத்தை ஓடவிட்டு, காதில் வைக்கும் ஒலிப்பானை மைக்கோடு சேர்த்துப் பிடித்து அதைப் பதிவு செய். திரையில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அள. அந்த அளவைக் கழித்தல் குறியோடு மென்பொருளில் குறித்து வை என்று எழுதினேன். மறுநாள், "சரியாகிவிட்டது. எனக்குத் தாளம் தெரியும்!" என்று பதில் வந்தது. அன்று முழுவதும் எனக்கு ஒரு கதை அச்சில் வந்ததுபோலிருந்தது.

பெரியம்மாவின் கஸேட்டை ஒட்டி, பெரியவர் சொன்னபடி மறுபடி பதிந்தேன். இரைச்சலைக் கொஞ்சமாகக் குறைத்தேன். முழுவதும் போகவில்லை, போக வேண்டாமென்று விட்டுவிட்டேன். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, நான் முதலில் கெடுத்த பதிவில் வெறும் நிசப்தமாக இருந்த இடத்தில், இப்போது மெல்லியதாக ஒரு பேச்சு கேட்டது. சித்தப்பாவைப் பார்த்துப் பெரியம்மா கேட்கிறாள்: "ஏன் தம்பி, இதெல்லாம் உள்ளே போயிருக்குமா?"

சித்தப்பா பதில் சொல்வதற்குள் நாடா நின்றுவிடுகிறது. போயிருக்கிறது, பெரியம்மா.